ஐந்து ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

அந்த வீட்டுக் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரே ஒரு நாற்காலி. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, நடுவில் நாற்காலி, அதில் பம்பு கம்பெனி சூப்பர்வைசர். வாசல் கதவு அவர் முதுகுக்குப் பின்னால். அவர் மனைவி சமையலறைக்கோ வாசலுக்கோ போக வேண்டுமென்றால் பின் ஸ்பீக்கரின் ஸ்டாண்டில் இடிக்காமல் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். இடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வீடு இரண்டுபடும்.

கம்பெனியில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். பையன்கள் கிண்டலுக்கு வைத்த பெயரை மனுஷன் விருது போல எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் சாதாரண சிடி காதில் ஏறவில்லை. எஸ்.ஏ.சி.டி. வாங்கத் தொடங்கினார். அந்த இசைத்தட்டில் இரண்டு அடுக்கு. ஒன்று எந்த ப்ளேயரிலும் பாடும் வெறும் சிடி. மற்றது, அதற்கென்றே உள்ள ப்ளேயரில் மட்டும் பாடும் நுணுக்கமான ஒலி. ஐந்து ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பதிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்கள் தொலைந்தார்கள். ஒரே கச்சேரியைப் பழைய சிடியில் ஒருமுறை, புதுத் தட்டில் ஒருமுறை போடுவார். "இப்ப வித்தியாசம் தெரியுதா?" என்பார். டீ வரும்வரை எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஆட்டாதவன் மனைவியின் தம்பி ஒருவன்தான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியோடு முதல்முறை வந்திருந்தான்.

"நாலு பக்கமும் வருது மாமா. ஆனா முன்னால வர்றதேதானே பின்னாலயும் வருது?"

"உன் தகரக் காதுக்கு லாரி ஹாரன் போதும்டா. உங்க வம்சத்துக்கே ரசனை கிடையாது!"

புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் சாப்பிடாமலே எழுந்து போனார்கள். மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது அந்தத் தம்பி மட்டும். அவனுக்குக் குழந்தை பிறந்தபோதுகூட, "அவன் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் போ" என்று சொல்லிவிட்டார் இந்த மகா ரசிகர். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்தப் பொறுமையை நினைத்தால் வயிறு எரிகிறது.

போன வாரம் ப்ளேயரின் தட்டுக் கதவு சிக்கிக்கொண்டது. மெக்கானிக் வந்தார். ப்ளேயரின் முகப்பு முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. விளக்கு எரிந்தால் ஒலி கெடும் என்று இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி, வாங்கிய அன்றே இவர் ஒட்டியது. மெக்கானிக் கதவைச் சரிசெய்து, டேப்பை உரித்து, எஸ்.ஏ.சி.டி. ஒன்றைப் போட்டுப் பார்த்தார்.

"சார், வெறும் சிடி அடுக்குதான் பாடுதுன்னு காட்டுதே. வாங்கினதுலேர்ந்து செட்டிங் மாத்தவே இல்லையா?"

பாம்புச்செவி உரித்த டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி கேட்டாள். "அப்போ இத்தனை நாளா ரெண்டு தட்டுலயும் பாடினது ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்மா. முன்னால வர்றதையே ஆம்ப்ளிஃபயர் பின்னாலயும் அனுப்பியிருக்கு." செட்டிங்கை மாற்றிக் கொடுத்துவிட்டு மெக்கானிக் போய்விட்டார்.

"என்னங்க, அவன் அதைத்தானே சொன்னான்? ஒரு போன் பண்ணுங்க. நீ சொன்னது சரிதான்டான்னு ஒரே ஒரு வார்த்தை. போதும்."

அவர் அதற்குள் தட்டை ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதன்முறையாகப் பின் ஸ்பீக்கர்களில் கச்சேரி அரங்கம் கேட்டது. யாரோ இருமினார்கள், யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"ஸ்ஸ்! கேளு, பின்னால ஒருத்தன் இருமுறான்! உன் தம்பியை வரச் சொல்லு. இப்ப வந்து சொல்லட்டும், எல்லாம் ஒண்ணுன்னு!"

அவள் உள்ளே போய்த் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். "நான் தம்பி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

அவர் திரும்பாமலே, பேசாதே என்று கையைக் காட்டினார். அவள் ஸ்டாண்டில் இடிக்காமல் ஒருக்களித்தே வாசலுக்குப் போனாள்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கச்சேரியில் யாரோ பாதியில் எழுந்து போகிறார்கள் என்று நினைத்து, என்ன துல்லியம் என்று தலையாட்டினார் அவர்.