நான் இடம் மாத்துன எண்கள்

விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்.

ஒரே விலையில இருக்குற ரெண்டு கிராபிக்ஸ் கார்டுல எது வேகம்னு என் ஃபிரண்டு ரியாஸ் கேட்டான். அட்டவணை போட்டு, வேகத்தோட எண்களை மட்டும் இடம் மாத்தி அனுப்பினேன். கண்டுபிடிச்சுத் திட்டுவான்னு நினைச்சேன்.

இன்னைக்கு எரியோட்டுல இருக்குற அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். லீவு முழுக்க மாமா கடையில பொட்டலம் கட்டிச் சேர்த்த காசுல, மெதுவான கார்டை வாங்கி கம்ப்யூட்டர்ல மாட்டியே வச்சிருந்தான்.

"திண்டுக்கல் கடைக்காரரு இன்னொன்னுதான் வேகம்னாரு மாப்ள. என் ஃபிரண்டு போட்ட அட்டவணை தப்பாதுண்ணேன்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன்."

பிரிச்ச கார்டைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம்.

கேம் திக்கித் திக்கி ஓடுச்சு. "செத்த நேரத்துல சரியாயிரும்ல?"ன்னு கேட்டான்.

"ஆயிரும்டா"ன்னு திக்காமச் சொல்லிட்டு வந்துட்டேன்.

யாராச்சும் அவனை இந்தப் போஸ்ட்டுல டேக் பண்ணிவிடுங்கப்பா. எனக்குக் கை வரல.