வேலாயுதம் என்று கோத்த காப்பு

“நான் பேரைச் சொல்லவே இல்லையே, பிள்ளை. உனக்கு உண்மையா விளங்கினதோ?”

பொன்னம்மாக்கா என்னிடம் இப்படிக் கேட்டாள். விளங்கினது என்றேன். விளங்கவில்லை.

என் குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரின் கையில் பிழையான பெயரைக் கட்டவைத்தேன். பிழை என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெயரோடு அவரைப் புதைத்துவிட்டார்கள். அவர் வருவார் என்று அவருடைய மனைவி இரண்டு வருடங்களாகக் காத்திருக்கிறாள். அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நேற்றுவரை எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது!

நான் யார் என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவள். என் தகப்பன், அப்பு, திருகோணமலைக் கரையில் தோணி வைத்திருப்பவர். எந்தக் கடதாசியிலும் பெருவிரல்தான் பதிப்பார். நான் எட்டாம் வகுப்புவரை படித்தேன். எங்கள் சிறு தெருவான ஒழுங்கையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அது பிரிக்கப்படாமல் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதைப் பிரிக்கும்போது என் முதுகு தானாக நிமிரும்.

நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்… அந்த நிமிர்வில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பொன்னம்மாக்கா பக்கத்து வளவில் இருந்தாள். கிளிவெட்டியில் பிறந்தவள். அவள் கணவரும் அதே ஊர்தான். துறைமுகத்தில் நேவிக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற கூலி. ஒழுங்கை முழுக்க அவரைக் ‘கிளிவெட்டியார்’ என்றே கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

அது பங்குனி மாதம். ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று ஊரெல்லாம் ஒரே கதை. நேவிக்காரர் பெயர் வெட்டிய தகட்டை உடம்பில் கட்டியிருப்பதைக் கிளிவெட்டியார் கண்டிருக்கிறார். “அவங்களுக்கு மட்டும்தான் பேர் இருக்கோ? எனக்கில்லையோ?” என்று வீட்டில் பகிடி விட்டிருக்கிறார்.

பொன்னம்மாக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

“பிள்ளை, அவற்ற பேரை மணியில எழுதி ஒரு காப்புச் செய்யவேணும். பள்ளிக்கூடத்தில உந்த வேலை படிச்சனீதானே?”

“ஓம். நானே செய்து தாறன்.”

“ஐயோ, வேண்டாம். கோக்கிறது நான். நீ எண்ணிச் சொன்னால் போதும்.”

“சரி, பேர் என்ன?” என்று கேட்டேன். கேட்டவுடனேயே என் மடமை எனக்குத் தெரிந்தது. கணவனின் பெயரை எங்கள் பெண்கள் வாயால் சொல்வார்களா? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“முருகன்ர கையில என்ன இருக்கு?”

“வேல்.”

“ஓம். அது முன்னுக்கு.”

“பின்னுக்கு?”

என் நெஞ்சில் விரலால் ஒரு குத்துக் குத்தினாள். “பின்னுக்கு நீதான்!” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் என்னைச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அப்புவைக் கேட்டிருக்கலாம். ஏன், வாசல் படலைக்கு வெளியே நின்று அந்த மனிதரிடமே கேட்டிருக்கலாம்! ஆனால் படித்தவள் இன்னொருவரிடம் போய்க் கேட்பதா? ‘வேலாயுதம்’ என்ற பெயர் என் மனதில் துள்ளி வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் அவள் தலையாட்டித் திருத்தியிருப்பாள். நான் சொல்லவில்லை.

“சரி, விளங்கிட்டுது” என்றேன்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் சொன்ன பதிலையும் கேளுங்கள்: “விளங்காமல் என்ன? எட்டாம் வகுப்புப் படிச்சனான்!”

கணக்குக் கொப்பியின் சதுரத் தாளில் பெயரை வரைந்தேன். நம் எழுத்துகள் எல்லாம் வளைவும் சுழியும். சதுரங்களுக்குள் சுலபமாக அடங்கமாட்டா. நடுவில் பெயர், இரு புறமும் எட்டிதழ்ப் பூ. அந்தப் பூவுக்காகத்தான் தையல் வகுப்பில் என்னை எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டினார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். ‘வேலுப்பிள்ளை’ என்ற பெயர் எனக்குத் தோன்றவே இல்லையா?… ஒரு கணம் தோன்றியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது நீளமான பெயர். கடைசியில் வருகிற, யானைத் துதிக்கைபோலச் சுருண்ட அந்த ளை ஒன்றே எத்தனை சதுரத்தை விழுங்கும்! அதைப் போட்டால் பூக்களுக்கு இடம் இராது. இரண்டு பூவுக்காக ஒரு மனிதரின் பெயரை மாற்றினேனா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன்.

சவர்க்காரப் பெட்டி ஒன்றின் இரண்டு விளிம்பிலும் ஆணி அடித்து, அப்புவின் தூண்டில் நூலில் பத்து இழை இழுத்துக் கட்டினோம். கிண்ணியாவிலிருந்து காப்பு விற்க வருகிற முஸ்லிம் நானாவிடம் சிவப்பிலும் வெள்ளையிலும் கொஞ்சம் பாசிமணி மிஞ்சியிருந்தது. சண்டை தொடங்கிய பிறகு கப்பலில் மணி வருவதில்லை.

ஒரு வரிக்கு ஒன்பது மணி. ஊசியில் ஒன்பதையும் கோத்து, இழைகளுக்கு அடியால் கொண்டுபோய், விரலால் மேலே தள்ளினால் இழைக்கு இடையில் ஒவ்வொரு மணியாக வந்து நிற்கும். பிறகு அதே ஊசியை இழைகளுக்கு மேலால் மணிகளுக்குள் திருப்பி விடவேண்டும். ஒரு வரி முடிந்தது. அப்படி எண்பதுக்கும் மேல்.

“வெள்ளை ரெண்டு, சிவப்பு அஞ்சு, வெள்ளை ரெண்டு” என்று நான் சொல்வேன். அவள் அதை முணுமுணுத்துக்கொண்டே கோப்பாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு சிவப்பு இடம் மாறிவிட்டது. நான் சீறினேன்: “ஒரு மணி பிழைச்சால் எழுத்தே பிழைச்சுப் போகும், அக்கா!”

“அவற்ற பேரில பிழை விடுவனோ?” என்று பதறிக்கொண்டு மூன்று வரியைப் பிரித்து மறுபடியும் கோத்தாள்.

வாயால் சொல்லக் கூசிய பெயரை விரலால் சொல்கிறோம் என்று அவள் நம்பினாள். ஒவ்வொரு மணியாக… என் சொல்லைக் கேட்டு… வேறொருவனின் பெயரை! முடிந்தபோது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாலைந்து நாள் கழித்துக் கிளிவெட்டியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமையனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். குண்டு விழும் என்று சொல்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு மனைவியை ஊருக்கு அனுப்புகிறேன். மூதூர் இறங்குதுறைக்கு வண்டில் கொண்டுவாருங்கள். வருஷப் பிறப்புக்கு நானும் வருவேன். இவ்வளவுதான் கடிதம்.

“கடைசியில என்ன பேர் போட, அண்ணை?”

“வேலுப்பிள்ளை எண்டு போடு, தங்கச்சி.”

என் பேனை நின்றது. பிள்ளை! ஒரு நாளைக்கு எத்தனை தரம் பொன்னம்மாக்கா என்னை அப்படிக் கூப்பிடுவாள்! பின்னுக்கு நீதான்… அவள் சீண்டவே இல்லை. பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள்.

நான் தடுமாறுவதைக் கண்டு அவர் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதைப் பாத்து எழுதன். மனுசி கோத்தது. நல்லா இருக்கோ?”

சிவப்பு எழுத்தில் ‘வேலாயுதம்’ என்று இருந்தது. இரண்டு பக்கமும் என் பூக்கள்.

“நல்லா இருக்கு, அண்ணை” என்றேன்.

அப்போது என் மனதில் ஓடியதை அதே சொற்களில் எழுதுகிறேன். ‘அவருக்கும் வாசிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வாசிக்கத் தெரியாதவர் கையில் எந்த எழுத்து இருந்தால்தான் என்ன?’

நான் நினைத்தது இதைத்தான். எழுதப் படித்தவள் நினைத்தது இது!

பொன்னம்மாக்கா ஊருக்குப் போனாள். சித்திரை வருஷம் பிறக்கச் சில நாள் இருக்கையில், காலையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அன்றே ஊர் பாதி வெறுமையாகிவிட்டது. அவரோடு சாமான் தூக்கியவர்களில் தப்பியவர்களும் எங்கெங்கோ ஓடிவிட்டார்கள். அப்பு தோணியை விட்டு வரமாட்டேன் என்றதால் நாங்கள் போகவில்லை.

வருஷம் பிறந்தும் அவர் ஊருக்கு வராததால் பொன்னம்மாக்கா தேடிக்கொண்டு வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு, இறந்தவர்களின் விபரம் வைத்திருந்த கந்தோருக்குப் போனேன்.

“பெயர்?” என்று எழுதுவினைஞர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்காக நான் சொன்னேன்: “வேலுப்பிள்ளை.”

அவர் விரலால் தடவிப் பார்த்தார். “அப்படி ஒருவரும் இல்லை” என்று சொல்லி, நம்பாவிட்டால் நீயே பார் என்பதுபோலப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலமும் வாசிக்க வரும்! மூன்றாவது தாளில் கண்டேன். ‘வேலாயுதம். ஆண். முகம் அடையாளம் காண முடியாதது. கையில் பெயர் கோத்த மணிக்காப்பு, சிவப்பும் வெள்ளையும். உறவினர் வரவில்லை. அடக்கம் செய்யப்பட்டது.’

“என்ன, பிள்ளை? இருக்கோ?”

“இல்லை, அக்கா. அவற்ற பேர் இதில இல்லை.”

பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“கையில பேர் கிடக்குத்தானே? கண்டிருந்தால் அதைப் பாத்து எழுதியிருப்பாங்கள்தானே?”

“ஓம், அக்கா.”

“அப்ப உயிரோட இருக்கிறார்!” என்று கந்தோர்ப் படியிலேயே இருந்து அழுதாள்.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நல்ல காரணம்! ஆவணியில் மகள் பிறந்தாள். காரணம் போய்விட்டது. நான் கிளிவெட்டிக்குப் போகவில்லை.

இப்போது சிறு வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக ஒரு குழந்தை வந்தால், பெயரை மூன்று தரம் கேட்காமல் வரவு இடாப்பில் எழுத என்னால் ஏலாது. “டீச்சருக்குக் காது கேளாது” என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. இருந்தால் எழும்பவேண்டும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது…

போன கிழமை பொன்னம்மாக்கா மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலி.

“யாழ்ப்பாணத்தில வேற ஒருத்தியோட இருக்கிறாராம். ஆரோ கண்டவையாம். ஊரில என்னைப் பாத்துச் சிரிக்கினம். ஒரு காயிதம் எழுதித் தா, பிள்ளை.”

“என்ன எழுத?”

“நான் கோவிக்கேல்லை எண்டு எழுது. மகள் கதைக்கத் தொடங்கிட்டாள் எண்டு எழுது.” மகளை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “அவளை விடேலாட்டி… அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எழுது.”

எழுதினேன். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதினேன். செத்துப்போனவருக்கு எழுதும் கடிதத்திலும் என் எழுத்து எவ்வளவு அழகாக விழுந்தது தெரியுமா!

நல்ல மனிதர் ஒருவரை ஊர் தூற்றுகிறது. அவர் மனைவி, இல்லாத ஒருத்திக்குத் தன் வீட்டில் இடம் ஒதுக்குகிறாள். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஆனால் இரண்டு வருடம் பொறுத்தேனே!

நேற்று அதே கந்தோருக்குப் போனேன். வேறு எழுதுவினைஞர். வேலாயுதம் என்று பதிந்திருப்பவர் கிளிவெட்டி வேலுப்பிள்ளை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“படிச்ச பொம்பிளை. அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?” என்றார். பிறகு தாளை நீட்டினார். எழுதிக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமைத் தபாலில் ஊர்ப் பொறுப்பாளரான கிளிவெட்டி விதானைக்கு அறிவித்தல் போகும் என்றார்.

விதானை படலையில் நின்று உரத்துச் சொல்லுவார். ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அதற்கு முன் அவள் என் வாயால் கேட்கவேண்டும். அடித்தால் என்னை அடிக்கட்டும். மண்ணை வாரி என்மேல் எறியட்டும். பேசாமல் இருந்தால்தான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது…

இந்தக் கடைசி வரிகளை மூதூர் போகிற லோஞ்சுப் படகில் இருந்தபடி, மடியில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இருக்கிற மூதூர்க்காரத் தாய் ஒருவர், “எங்க பயணம், மகள்?” என்று கேட்டார்.

“கிளிவெட்டிக்கு. ஒரு செத்த வீட்டுக்கு.”

“அல்லாவே! எப்ப மவுத்தானது?”

“ரெண்டு வருஷமாகுது. வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்லப் போறன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி இருந்தார். லோஞ்சுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.