பாதி வழியில் திரும்பியவன்

எருசலேமுக்கு வருகிறேன் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுக்கப் பெரிய பக்தி தேவையில்லை. பாலத்தின் நடுவில் நிற்கும்போது பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்தால் போதும்.

வாலண்டைனுக்கு அப்படித்தான் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். அவன் ரயில்வேயில் கீமேன். தோளில் நீளச் சுத்தியலோடு பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் வரை தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்கிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். அன்று கூட வந்தவன் தம்புசாமி, லைன் ஓரத்தில் புல் வெட்டுகிறவன். கொட்டுகிற மழையில் வண்டிச் சத்தம் காதில் விழவில்லை. விழுந்தபோது ஒதுங்க இடமில்லை. இரண்டு பேரும் பாலத்துக் கட்டையைப் பிடித்து ஓடைக்கு மேலே தொங்கினார்கள். தலைக்கு மேல் பதினெட்டுப் பெட்டி போயிற்று.

தொங்கிக்கொண்டே தம்புசாமி பத்துமலை முருகனுக்குக் காவடி நேர்ந்தான். வாலண்டைனும் புத்தியோடு இருந்திருந்தால் புக்கிட் மெர்த்தாஜாம் கோயில் அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்திருப்பான்; ரயில்வே பாஸிலேயே போய் ஏற்றிவிட்டு வந்திருப்பான். ஆனால் முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் கல்வாரி மலையும் கல்லறையும் கேட்ட சூடு இன்னும் ஆறவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"ஆண்டவரே, காப்பாத்தும். எருசலேமுக்கே வந்து உம்ம கல்லறையிலே விழுந்து கும்பிடுறேன்."

ஆண்டவர் பேரம் பேசாமல் காப்பாற்றிவிட்டார். கை நழுவி ஓடையில் விழுந்ததில் இடது கணுக்கால் மட்டும் முறிந்தது. ஆறின பிறகு அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தான்.

அடுத்த வருஷத் தைப்பூசத்தன்று தம்புசாமி காவடி எடுத்தான். மறுநாள் வேலைக்கு வந்தவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"ஒரு நாள் வேலை, முடிஞ்சிருச்சு. உன் சாமி மட்டும் ஏன் வாலண்டி இவ்வளோ தூரத்துல போய் உக்காந்திருக்கு?"

"அங்கதாண்டா செத்து எழுந்தாரு. உலகத்துல காலியா கெடக்கிற கல்லறை அது ஒண்ணுதான். அதைக் கண்ணால பாத்துட்டவனுக்குத் தன் கல்லறைகிட்ட பயமில்லயாம்."

"பயம் இருக்கிறவன் பக்கத்துல இருக்கிற சாமியாப் பாத்துக் கூப்பிட்டிருக்கணும்லா."

வாலண்டைன் சிரித்துவைத்தான். அன்று பகல் மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்துக்கு, பாலத்தருகே அவன் முதுகுக்குப் பின்னால் ஜல்லியில் யாரோ நடந்தார்கள். அவனைத் தொடர்ந்து வரவில்லை. எதிர்ப் பக்கம், கிள்ளான் பக்கம், கப்பல் பக்கம் போனார்கள். ஒரு அடி வைத்து, ஒரு அடி இழுத்து. திரும்பிப் பார்த்தான். வெயிலும் தண்டவாளமும்தான் இருந்தன.

தன் நடை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, கேட்கிற வரைக்கும்.

தினமும் மூன்று மணிக்கு அந்தச் சத்தம் வந்தது. ஆனால் நாளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. ஒரு மாதத்தில் வளைவைத் தாண்டியது. பிறகு கிள்ளானைத் தாண்டியிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்துச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், கேட்டது. ஒரு நாள் ஜல்லிச் சத்தம் போய், ஈர மணலில் கால் இழுபடுகிற சத்தம் வந்தது. அன்று வாலண்டைன் சோற்றைத் தொடவில்லை.

"நேர்ந்தது நான், போறது வேற யாரோ," என்றான் மனைவி ரோசலினிடம். "அவன் போய்ச் சேந்து அங்க விழுந்து கும்பிட்டுட்டா, இங்க மிச்சம் இருக்கிறது யாருடி?"

ரோசலின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மிச்சம் இருக்கிறவர் முதல்ல சாமியாரைப் போய்ப் பாருங்க. நேர்ச்சையை மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

பிரெஞ்சுக்காரச் சாமியார் புத்தகத்தில் படித்த தமிழ் பேசுகிறவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வேறு நேர்ச்சையாக இருந்தால் நானே மாற்றிக் கொடுப்பேன், வாலண்டைன். எருசலேம் யாத்திரை நேர்ச்சையை அவிழ்க்கும் அதிகாரம் ரோமாபுரியில் இருக்கும் பாப்பாண்டவருக்கு மாத்திரம் உண்டு."

ஒரு நாள் லீவுக்கே மேஸ்திரி முன்னால் தலை சொறிகிறவனுடைய விண்ணப்பம், சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் கை வழியாக ரோமாபுரிக்குக் கப்பலேறியது. அது போகிற வழியிலேயே அந்த இன்னொருவனும் போய்க்கொண்டிருந்தான். யார் முந்துவது என்பதுதான் வாலண்டைனின் கவலை. மாதக்கணக்கில் மூன்று மணிக்கு மணலும் காற்றும் கேட்டான். உடம்பு இளைத்து, சுத்தியல் அவனைத் தூக்கிப்போகிறதா அவன் சுத்தியலைத் தூக்கிப்போகிறானா என்று தெரியாமல் போயிற்று.

விண்ணப்பம் போன பதினோராம் மாதம் காகிதம் வந்தது. நேர்ச்சை அவிழ்ந்தது; அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை செய்ய வேண்டும்.

"அவ்வளவுதானா சாமி?"

"கோயில் சுவரில் பதினான்கு படம் எதற்கு மாட்டியிருக்கிறது? எருசலேமுக்குப் போக இயலாதவர்களுக்கு, ஆண்டவர் சிலுவை சுமந்து நடந்த தெரு அங்கே இருக்கிறது. பதினான்காவதில் கல்லறையும் இருக்கிறது. போ, நன்றாகத் தூங்கு."

அன்று மூன்று மணிக்குச் சத்தமே இல்லை. வாலண்டைன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காகிதம் இருந்தது. மறுநாளும் சத்தமில்லை. மூன்றாம் நாள் கேட்டது, மிக மெதுவாக, மணலில். ஒரு அடி வைத்து, ஒரு அடி இழுத்து.

இந்தத் தடவை சத்தம் தேய்ந்துகொண்டு போகவில்லை. வளர்ந்துகொண்டு வந்தது.

போகிறவனை நிறுத்தச் சொல்லித்தான் அவன் எழுதிக் கேட்டிருந்தான். நிறுத்தினால் அந்த இன்னொருவன் எங்கே போவான் என்று வாலண்டைனும் யோசிக்கவில்லை, ரோமாபுரியிலும் யோசிக்கவில்லை. தபசு காலம் மறுபடி தொடங்கியபோது சத்தம் கிள்ளானுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை தம்புசாமியும் அவனும் பாலத்தருகே உட்கார்ந்து தகரக் குவளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்புசாமி குவளையை இறக்கி வளைவுப் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"யாரு வாலண்டி அது? உன்னை மாதிரியே நடந்து வரான்."

இரண்டு வருஷத்தில் வேறொரு காதில் அது விழுந்தது அன்றுதான்.

"போனவன் திரும்பி வரான்," என்றான் வாலண்டைன்.

"எங்க போயிருந்தான்?"

"பாதி வழி."

தம்புசாமி வளைவை எட்டிப் பார்த்தான். ஜல்லி நொறுங்கும் சத்தம் பாலத்துக்கு வந்து, கட்டைமேல் ஏறி, அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஆள் இல்லை. தம்புசாமி புல் வெட்டும் கத்தியைக்கூட எடுக்காமல் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் ஓடினான். வாலண்டைன் ஓடவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று அவனுக்கும் தெரியும், முன்னால் வந்து நின்றவனுக்கும் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் சாமியார் முதல் படத்தில் ஜெபம் சொல்லி இரண்டாவதற்கு நகர்ந்தார். சனம் நகர்ந்தது. வாலண்டைன் நகரவில்லை. யாரோ எழுந்திருக்கட்டும் என்று நிற்கிறவன்போல் நின்று, பிறகு மெதுவாகக் காலெடுத்து வைத்தான். ஒவ்வொரு படத்திலும் அப்படியே. ஆறாவது படத்தில் சாமியார் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"எல்லாரும் பாக்கிறாங்க," என்று கிசுகிசுத்தாள் ரோசலின். "யாருக்காக நிக்கிறீங்க?"

"பாவம், என் பேச்சைக் கேட்டுப் பாதியில திரும்பினவன். மீதியை இங்க நடந்துக்கட்டும்."

ரோசலின் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு இடப்பக்கம் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு, மிதிபடாமல் இருக்க, தன் சேலைத் தலைப்பை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள்.