ஹேமாம்புஜம் டீச்சரின் ஐந்து மூன்றுகள்

ஒரு நாள் ஒரே புதிர், மறுநாள் நான்கு புதிர். அது ஏன்? எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் பாதி வருஷம் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

ஹேமாம்புஜம் டீச்சர் திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவரின் மகள். அந்தக் குடும்பத்தில் வெளியே வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான். காலையில் முதல் வகுப்பு அவருடைய கணக்கு. "தூங்கற மூளையில பாடம் ஏறாது. கொஞ்சம் சூடு பண்ணிக்கலாம்" என்று சொல்லிப் புதிர் போடுவார். நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

செல்வி திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வருவாள். பல நாள் ரயில் தாமதமாகும்.

"இன்னா செல்வி, ரயில தள்ளிக்கினு வந்தியா?" என்பான் முனுசாமி.

"ஆமா, நீ இருந்தா உன்னியும் தள்ள உட்டிருப்பேன்."

பாடம் தொடங்கிய பிறகு வருபவருக்கு அன்று ஆப்சென்ட். அது எங்கள் பள்ளியின் விதி. காய்ச்சலில் செல்விக்கு ஏற்கெனவே நிறைய நாள் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இன்னொரு வருஷம் படிக்கவைக்க முடியாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் சடையப்பன் வகுப்புக்குள் வந்தார்.

"பரீட்சை வருது டீச்சர். விளையாட்டு போதும். நான் இங்கயே நிக்கறேன், பாடத்தை ஆரம்பிங்க."

செல்வியின் இடம் காலியாக இருந்தது. டீச்சர் சன்னல் வழியே ஒரு தரம் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். அஞ்சு மூணை வெச்சு முப்பத்தேழு வரணும். இவாளுக்கு வரலை. நீங்க போட்டுக் காட்டுங்கோ" என்று சாக்பீஸை நீட்டினார்.

ஹெட்மாஸ்டர் முப்பத்து மூன்றோடு மூன்றைக் கூட்டினார். "முப்பத்தாறு. ஒண்ணு குறையுதே." இன்னும் இரண்டு மூன்றுகள் மீதி. அழித்தார், எழுதினார், மறுபடி அழித்தார். அதற்குள் வாசலில் செல்வி, மூச்சு வாங்க. டீச்சர் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். முனுசாமிகூடக் கேலியை விட்டுவிட்டு நோட்டில் மூன்றுகளை எழுதிக்கொண்டிருந்தான்.

"மூணை மூணால வகுத்தா ஒண்ணு. அதைச் சேர்த்தா முப்பத்தேழு" என்று சிரித்தபடி திரும்பிய ஹெட்மாஸ்டர் செல்வியைப் பார்த்தார்.

"பாடம் ஆரம்பிச்சாச்சா?"

"இன்னும் இல்லே சார்."

கையிலிருந்த தூளைத் தட்டினார். "நாளைக்கு இதைவிடக் கஷ்டமா ஒண்ணு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரயில் தாமதமான நாளில்தான் புதிர்கள் நீண்டிருக்கின்றன.

இந்த 1973இல் செல்வியும் எங்களோடு பரீட்சை எழுதினாள். நான் வேலை தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு அலைகிறேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருக்கிறது. பிள்ளைகள் தூரத்திலிருந்து வரும் பள்ளி ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், அங்கே கணக்கு எடுப்பவரிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.