நான் வெட்டிய கடைசிப் பத்தி

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கதை முடிந்த பிறகும் எழுந்து போக மாட்டார்கள். விருந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுகிற சொந்தக்காரர்களைப் போல இன்னும் ஒரு பத்தி எழுதுவார்கள். பன்னிரண்டு வருடம் நான் பார்த்த வேலையில் பாதி, அந்தக் கடைசிப் பத்தியை வெட்டுவதுதான். நன்றாக வெட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. அந்தத் திமிரோடு ஒருநாள் ஆறு வரியை வெட்டினேன். கோபித்துக்கொண்டு போன ஒரு தம்பியை வீட்டுக்குக் கூப்பிடுவதற்காக எழுதப்பட்ட ஆறு வரி அது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதில் இப்போது ஒரு ஆறுதலும் இல்லை.

மெட்ராஸில் ஒரு மாதப் பத்திரிகையில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, வருகிற கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்துச் செப்பனிடும் பொறுப்புக்கு வந்திருந்தேன். பிறகு கல்யாணம். கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். எழுபதுகளின் நடுவில் அவரை ஜவ்வாது மலைக்கு, புதூர்நாட்டுப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகத் தூக்கிப் போட்டார்கள். ஒடுகத்தூரில் என் பிறந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரி அழுதார்கள். பத்திரிகை ஆசிரியர் மட்டும், "வேலையை விடாதே, கதைக்கட்டைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றார். வாரம் ஒரு கட்டு திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும். மழைக்காலத்தில் பஸ் வராது, ஜீப்பில் வரும். ஜீப்பும் வராவிட்டால் யாராவது தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்க் கட்டை வாங்கி வருகிறவர் பள்ளியின் சமையல்காரர். மலைக்காரர், எட்டாவது வரை படித்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மா என்பார். நான் சிவப்பு மையில் எழுதுவதைப் பார்த்து, ஊரில் எல்லாரும் நான் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் சீண்டுவார்.

"இந்தாங்கம்மா, பேப்பரு வந்துடுச்சி. இந்த வாரம் எத்தினி பேரு பெயிலு?"

கட்டில் வாசகர் கடிதங்களும் இருக்கும். அவற்றை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார். யாராவது கதாசிரியரைத் திட்டியிருந்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். மலையில் என் வேலையைப் பற்றிப் பேச எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான். என் கணவருக்குக் கதை என்றால் கொட்டாவி வந்துவிடும்.

இன்னொருவனும் இருந்தான். அண்ணாவின் தம்பி. இருபத்திரண்டு வயது, பத்தாவது வரை படித்தவன். பழைய இதழ்களை வாங்கிப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது தலையைக் குனிந்துகொண்டு, "முடிவு சரியில்லீங்கம்மா. அந்தப் பொண்ணு அப்டிப் போயிருக்கக் கூடாது" என்பான். எனக்குச் சுருக்கென்றிருக்கும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும். எப்போதும் முடிவைப் பற்றித்தான் பேசுவான்.

நாங்கள் போன இரண்டாம் வருடம், அவன் மைசூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டுக்கு ஆட்களோடு போனான். அறுவடை முடிந்து மற்றவர்கள் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை, வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டான், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் தம்பிக்குள் ஏதோ பாகத் தகராறு என்று காதில் விழுந்தது. அண்ணாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"வந்துடுவாம்மா. புளி உலுக்குற காலத்துக்கு வந்துடுவான்" என்றார்.

இரண்டு புளிக்காலம் போய்விட்டது. நான் மறுபடி கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களின் கதையில் ஒவ்வொரு வாக்கியமாக நோண்டுகிற எனக்கு, தினமும் பார்க்கிற மனுஷனிடம் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஓர் ஆடி மாதக் கட்டில் அந்தக் கதை வந்தது. கேள்விப்படாத பெயர், திருப்பத்தூரில் ஒரு கடையின் விலாசம். எழுதியவர் எங்கள் சமையல்கார அண்ணாதான், அது அப்போது எனக்குத் தெரியாது. என்னிடம் நேரில் கொடுக்கக் கூச்சப்பட்டு, வேறு பெயர் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறார். அது அங்கே போய், கட்டோடு கட்டாக மலையேறி வந்தது, அவரே அதைத் தோளில் சுமந்து வந்து என் மேசையில் வைத்தார். பள்ளிச் சாமான் பட்டியலையெல்லாம் என் கணவர்தான் பார்ப்பார். அண்ணாவின் கையெழுத்தை நான் பார்த்ததே கிடையாது.

கதையில் ஆற்றங்கரைக் கிராமம். அண்ணன், தம்பி. அப்பா விட்டுப்போன ஒரே மாமரத்தைக் கிளை கிளையாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கிழக்குக் கிளைகள் அண்ணனுக்கு, மேற்குக் கிளைகள் தம்பிக்கு. மேற்கே விழுந்த பழத்தை அண்ணி பொறுக்கிவிடுகிறாள். தம்பி கேட்கிறான். வாய்த் தகராறு முற்றி, ஊர் கூடி நிற்க அண்ணன் சொல்கிறான்: "இனிமேல் இந்த மரத்தின் நிழல்கூட உனக்குச் சொந்தமில்லை. போ." தம்பி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் எழுதியவர் நிறுத்தவில்லை. அதற்குக் கீழே அந்த ஆறு வரி:

"அண்ணன் இரண்டு வருடமாக மேற்குக் கிளைகளைத் தொடவில்லை. பழம் தானாக விழுந்து அழுகுகிறது. மனைவி கேட்டால், அது தம்பியுடையது என்கிறான். அன்று பேசியது கோபம், அண்ணன் இல்லை. தம்பி, நீ வந்து உலுக்கினால்தான் உன் கிளை. வந்துவிடு."

மாமரத்தை எவனாவது உலுக்குவானா என்று சிரித்தேன். மரத்தைக் கிளையாகப் பங்கு போடுவதும் நம்பும்படி இல்லை என்று ஓரத்தில் எழுதினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, புளியமரத்தை அப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். உலுக்கித்தான் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருடம் அந்த மலையின் தண்ணீரைக் குடித்துவிட்டு எனக்கு அது தெரியவில்லை. அந்த ஆறு வரியின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு போட்டேன். கதையாகப் பார்த்தால் வெட்டியது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அதுதான் என்னைக் கொல்கிறது.

மறுநாள் காலையில் கட்டை எடுத்துப்போக வந்தவர், சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏதாவது தேறிச்சாம்மா?"

"ஒண்ணு தேறிச்சுண்ணா. அண்ணன் தம்பி கதை. யாரோ புதுசு, அருமையா எழுதியிருக்காரு. கடைசியில ஆறு வரி வளவளன்னு இருந்திச்சி, எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"பின்ன? தம்பி போய்ட்டான், கதை அங்கயே முடிஞ்சிடுச்சி. அதுக்கு மேல இன்னா பேச்சு?"

அவர் கட்டின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க எடுத்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஐப்பசி இதழில் கதை வந்தது. கார்த்திகையில், அந்தக் கதைக்கு வந்த கடிதங்கள் கட்டில் இருந்தன. வழக்கம்போல அண்ணா வாசற்படியில் உட்கார்ந்தார். மூன்றாவதாக ஒரு கார்டு. பெயர் இல்லை, விலாசம் இல்லை, 'ஒரு வாசகன்' என்று மட்டும் இருந்தது. நான் குரலை உயர்த்திப் பெருமையாகப் படித்தேன்.

"கதையின் முடிவு மிகச் சரி. அந்தத் தம்பி இனிமேல் திரும்பிப் போகக் கூடாது. போகவும் மாட்டான்."

"கேட்டீங்களாண்ணா? என் வெட்டைப் புரிஞ்சிக்கிட்ட ஒரே ஆளு இவன்தான்" என்றேன்.

அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். கார்டை வாங்கி, படிக்காமல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தம்பி எழுத்தும்மா இது."

அப்புறம்தான் மெதுவாக எல்லாம் வந்தது. கதை அவருடையது. மரம் அவர்கள் வீட்டுப் புளியமரம். தம்பி எங்கே இருந்தாலும் அந்தப் பத்திரிகையை வாங்கிப் படிப்பான், பங்கு போட்ட மரத்தைப் பார்த்ததும் யார் எழுதியது என்று தெரிந்துகொள்வான், கடைசி வரியைப் படித்துவிட்டு வந்துவிடுவான். இதுதான் அவர் போட்ட கணக்கு. கடைசி வரியைத் தவிர எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்திருந்தது.

எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். பள்ளியிலிருந்து என் கணவர் ஓடி வந்தார்.

"கதையப் பத்தி எனக்கு இன்னாம்மா தெரியும்? நீங்க படிச்சவங்க. தேவையில்லன்னு எடுத்திருப்பீங்கன்னு வுட்டுட்டேன்."

கார்டில் தபால் முத்திரை கலங்கியிருந்தது. கன்னட எழுத்து இரண்டு தெரிந்தது, ஊர் தெரியவில்லை. அந்த ஆறு வரியையும் அடுத்த இதழில் போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். 'அச்சான கதைக்கு வால் ஒட்டும் வழக்கம் நமக்கில்லை. வெட்டியது நீ, நன்றாகவே வெட்டியிருந்தாய்' என்று பதில் வந்தது. மெட்ராஸுக்கே போய்ச் சண்டை போட்டேன். போனால் போகிறது என்று தை மாத இதழில், கடிதப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் போட்டார். அந்த இதழை அண்ணா என் மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டையும் பிரித்து நான் கடைசிக் கார்டுவரை தள்ளும்வரைக்கும் நின்றுகொண்டிருப்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். "கொழம்பு கொதிக்கிதும்மா, வர்றேன்" என்று போய்விடுவார். எத்தனை பேர் பெயில் என்று அவர் கேட்பது நின்றுபோனது. நானும் மாறிப்போனேன். எதை வெட்டினாலும் எழுதியவருக்குக் கடிதம் போட்டுச் சம்மதம் கேட்க ஆரம்பித்தேன். பதில் வர மாதமாகும். அச்சு வேலை நிற்கும். ஆசிரியர் எவ்வளவு காலம்தான் பொறுப்பார்? சில வருடம் கழித்து ஒரு வாரம் கட்டு வரவில்லை, அப்புறம் வரவே இல்லை.

அதை விடுங்கள். தை இதழ் வந்த அந்த வருடமே, பங்குனிக் கடைசியில் எஸ்டேட்டுக்குப் போன ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் தம்பியோடு ஒரே வரிசை வீட்டில் தங்கியிருந்தவன். பள்ளிக்கூட அடுப்பங்கரையில் அண்ணாவிடம் சொன்னான். நானும் நின்று கேட்டேன்.

"எங்கண்ணன் எழுதுனதுன்னு சொல்லி எங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்னாண்ணா. மூஞ்சி எல்லாம் சிரிப்பு. முடிச்சிட்டு, அவ்ளோதானா, அடுத்த பக்கத்துல இருக்குதான்னு தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தான். பெறகு மூடி வெச்சிட்டான். இனிமே இந்தப் பொஸ்தகமே வாணாம்னுட்டான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"பொங்கலுக்கு முன்னயே வேற ஆளுங்களோட கேரளாப் பக்கம் போய்ட்டாண்ணா. எந்த ஊருன்னு தெரியல. மலையில எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்."

தை இதழ் வந்தபோது அவன் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடுவதையே விட்டிருந்தான். அண்ணா வந்தவனுக்குச் சோறு போட்டார்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மரம் ஏறியிருப்பதாக என் கணவர் சொன்னார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஒரு மைலை நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய மரம். கிழக்குப் பாதி முன்பே உலுக்கி மொட்டையாக இருந்தது. மேற்குப் பாதியில் காய் அப்பிக் கிடந்தது. அடியில் போன வருடத்துப் புளி, அதற்கு முந்தின வருடத்துப் புளி, எல்லாம் கறுத்து மண்ணோடு ஒட்டியிருந்தது. அவர் மேற்குக் கிளையில் நின்று உலுக்கிக்கொண்டிருந்தார். காய் சடசடவென்று கொட்டியது. அவர் மனைவி தலையைத் தூக்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். உடம்பெல்லாம் கீறல்.

"ஏண்ணா? இன்னும் ஒரு வருஷம் பார்த்திருக்கலாமே" என்றேன்.

"இல்லம்மா. நீங்க அன்னிக்கே சொன்னீங்களே, தம்பி போய்ட்டான், கதை அங்கயே முடிஞ்சிடுச்சின்னு. நாந்தான் அதுக்கு மேல பேசிக்கினு இருந்தேன்."

குத்திக்காட்டவில்லை. அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. என் மேல் இருந்த அதே மரியாதையோடு சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் பங்கைப் பொறுக்க ஆரம்பித்தேன்.