பழனிவேல் மாஸ்டரின் மூக்கும் நூற்றைம்பது லென்ஸும்

பழனிவேல் மாஸ்டர் இறந்துவிட்டார்.

யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. நேற்று சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது, பழக்கடைக்கு மேலே கட்டியிருந்த பிளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதிலும் முதலில் ஆள் யாரென்றே தெரியவில்லை. பெயரைப் படித்த பிறகுதான்...

ஏதோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. தோளில் வேறு யாருடையதோ கை. பின்னால் நீல மேகமும் இரண்டு புறாக்களும்.

அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்திருக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்கு: இங்கே மலைமேல் அரசுப் பள்ளியில் நான் ஆங்கிலம், அவர் பி.டி. மாஸ்டர். சொந்த ஊர் ராசிபுரம். என் வகுப்பு நடக்கும்போது வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே விசில் ஊதுவார். நான் ஜன்னலைச் சாத்துவேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ரிட்டயர் ஆன பிறகும் இருவரும் மலையை விட்டு இறங்கவில்லை. போன வாரம் மகள் வீட்டுக்கு ராசிபுரம் போயிருக்கிறார். அங்கேயே நெஞ்சுவலி. எல்லாம் முடிந்த பிறகு பழைய மாணவர்கள் இங்கே பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் போன பின்பு அவருடைய பழைய பிலிம் காமிராவை நான் கையில் எடுத்தேன். சதுரமாகப் படம் விழும் கனமான காமிரா. வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். முதல் முறை சந்தையில் அப்படிக் குனிந்தபோது மாஸ்டர் அங்கே இருந்தார். மிளகு வியாபாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, கலெக்டருக்கே தலை குனியாத டீச்சரு இப்ப எனக்குக் குனியறாங்க."

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

மாஸ்டருடைய அண்ணன் இறந்தபோது பிளெக்ஸில் வோட்டர் ஐடி படத்தைப் போட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் இவரிடமே வந்து, யாருங்க அது என்று கேட்டார்களாம். அன்று பிடித்தது பிடிவாதம்.

"ஏனுங்க டீச்சர், என் பேனருக்கு நீங்கதான் போட்டோ எடுக்கோணும். பார்த்தவன் பழனிவேல்னு சொல்லோணும்."

எடுக்கிறேன் என்றேன். ஆனால் எந்த லென்ஸில்?

காமிராவோடு இருப்பது எண்பது எம்.எம். லென்ஸ். நாலு பேர் சேர்ந்து நிற்கும் படத்துக்கு அதுபோல் வராது. ஒரு முகத்தை மட்டும் எடுக்கக் கிட்டே போனால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போய்விடும். முகத்துக்கு நூற்றைம்பதுதான் சரி. தள்ளி நின்று எடுக்கலாம், முகம் கோணாது. வீட்டுக்காரர் வைத்திருந்த நூற்றைம்பதில் இந்த மலையின் ஈரத்தால் பூஞ்சை படர்ந்துவிட்டது.

எனக்குப் பேரம் பேச வராது. பழைய லென்ஸ் விற்பவர்களிடம் போனில் பேசும் வேலையை மாஸ்டரே எடுத்துக்கொண்டார். டீக்கடை முன்னால் நின்று சென்னைக்காரர் ஒருவரைச் "சாமி, சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த முகம் நன்றாக இருந்தது. எண்பதிலேயே, கிட்டே போய், ஒன்று எடுத்துவிட்டேன்.

பிரிண்ட் வந்ததும் காட்டினேன். பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மூஞ்சில பலாப்பழத்த ஒட்ட வெச்ச மாதிரி இருக்குதுங்க. நான் செத்தாலும் இத யாருக்கும் காட்டாதீங்க."

காட்டமாட்டேன் என்று சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். அது அவருக்கும் தெரியும்.

சென்னையிலிருந்து முதல் லென்ஸ் வந்தது. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. திருப்பி அனுப்பினேன். அடுத்ததில் கண்ணாடி சுத்தம். ஆனால் இந்தக் காமிராவில் ஷட்டர் லென்ஸுக்குள்தான் இருக்கும். அது மெதுவான வேகத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. அதையும் திருப்பி அனுப்பினேன்.

மாஸ்டருக்குச் சலிப்பு.

"பரீட்சப் பேப்பர் திருத்தறாப்பல லென்ஸையும் திருத்தறீங்க. எனக்கு பாஸ் மார்க் போதுமுங்க."

எனக்குப் போதாது என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பூஞ்சை பிடித்த லென்ஸை வைத்துக்கொள்பவள் நான் இல்லை.

நேற்றிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்... யாரும் கேட்காமலே.

நேற்று நான் சோளக்காட்டுக்குப் போனதே மூன்றாவது லென்ஸின் பார்சலை வாங்கத்தான்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. ஷட்டர் எல்லா வேகத்திலும் சரியாக விழுகிறது. ஏதாவது குறை இருக்காதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் மகள் கவிதா போன் செய்தாள். வீட்டில் மாட்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லையாம். காரியத்துக்குள் வேண்டுமாம். உங்களிடம் நிச்சயம் இருக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார் என்றாள்.

ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் காட்டக்கூடாது என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார் என்றேன். காரணத்தையும் சொன்னேன். லென்ஸ், தூரம், மூக்கு... வகுப்பில் சொல்வதுபோல் விளக்கமாகவே சொன்னேன்.

கவிதா முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"எங்கப்பா மூக்கே அப்படித்தானுங்களே, டீச்சரம்மா."



இரவெல்லாம் யோசித்தேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. பிளெக்ஸில் அந்தத் தோள்மேல் இருந்த கையும் கண்ணை விட்டுப் போகவில்லை.

காலையில் கவிதாவுக்குப் பிரிண்ட் போட அந்த நெகட்டிவைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். முதல் பஸ்ஸில் நாமக்கல் ஸ்டூடியோவுக்குப் போகிறது. மூக்கில் கை வைக்கக்கூடாது என்று கவர்மேல் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

அந்தப் படத்தை இந்தப் பதிவில் போடமாட்டேன். கேட்காதீர்கள்.

கோபித்துக்கொள்ளுங்கள், மாஸ்டர். போய் வாருங்கள்.