மச்சான் கழற்றிக் கொடுத்த சவுண்ட் கார்டு

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு சவுண்ட் கார்டு கிடக்கிறது. கம்ப்யூட்டருக்குள் செருகினால் சத்தம் கொடுக்கும், உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு. ஓரத்தில் மூன்று துளைகள்: பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. அதன் மேல் ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரியில் நீல மையால் ‘டெட்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் என் மச்சான். பிளாஸ்திரி இப்போது பழுப்பேறிவிட்டது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். வீட்டு முன்னறைதான் அலுவலகம். அங்கிருந்த கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிவந்து பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். கழற்றிய திருகுகளை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போடுவார். வேலை முடிந்து டம்ளரில் ஒன்றிரண்டு மிஞ்சினால், “இது கம்பெனிக்காரன் சும்மா போட்டது மாப்ள” என்பார். சவுண்ட் கார்டு பொருத்தினால் மைக்கைச் செருகி ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரலில், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, செங்கல்பட்டு ஜங்ஷன்” என்று பேசிப் பதிவு செய்து, அதைப் போட்டுக் கேட்பார். அது திரும்ப ஒலித்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. எத்தனையோ வீடுகளில் அவர் இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட விட்டதில்லை.

அப்போது என்னிடம் இரண்டே கேசட்டுகள் இருந்தன. செய்தி அச்சானதும் அதே கேசட்டின் மேல் அடுத்த பேட்டியைப் பதிவு செய்துவிடுவேன். நிருபர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். மச்சான்தான் டேப் ரெக்கார்டருக்கும் கார்டின் நீலத் துளைக்கும் நடுவே ஒரு ஒயரைப் போட்டு, “முக்கியமானத உள்ள ஏத்தி வச்சிக்கோ மாப்ள. டேப்பு என்னிக்கினா சிக்கிக்கும்” என்று சொல்லிக்கொடுத்தார். திரையில் சிவப்புப் பொத்தானை அழுத்தவும், பெயர் கொடுத்துச் சேமிக்கவும் கற்றுக்கொண்டேன். குரல் எங்கே போய்த் தங்குகிறது என்று நான் கேட்டதில்லை. ஒயர் கார்டுக்குள் போகிறது, ஆகவே குரலும் கார்டுக்குள்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஊரில் எவனைப் பார்த்தாலும் கேள்வி கேட்டவன், தன் வீட்டு முன்னறையில் அந்த ஒன்றைக் கேட்காமல் விட்டேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து கடலுக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு விடுதியின் சுற்றுச்சுவர் எழும்பியிருந்தது. மீன் விற்கும் அம்மா ஒருவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மீன் கூடையோடு சுவரைச் சுற்றி வர அரை மணி நேரம் ஆவதை நடந்தே காட்டினார். இன்னொரு நாள் வருவாய் ஆய்வாளர் அங்கே வந்தபோது அந்த அம்மாவோடு நானும் இருந்தேன். டேப் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். “பாதை எங்க ரெக்கார்டுல இருக்கு. இல்லைன்னு யார் சொன்னது? சுவர்தான் பாதை மேல வந்திருக்கு” என்றார். நான்கு நிமிடம் பேசினார். வீட்டுக்கு வந்து அதை உள்ளே ஏற்றினேன். செய்தி வெளிவந்தது. கேசட்டைத் திருக்கழுக்குன்றம் தேரோட்டத்துக்கு எடுத்துப்போனேன்.

அந்த வாரமே தலைமை அலுவலகம் எழுத்துருவை மாற்றியது. பழைய கம்ப்யூட்டரில் அது ஏறாது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து எக்ஸ்பி என்ற புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். எழுத்துரு வந்தது, சத்தம் போனது. மறுநாள் ஆய்வாளரின் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியவள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆசிரியர் போனில், “டேப் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். நான்கு நாளில் கொண்டுவரச் சொன்னார்.

மச்சான் மூன்று நாள் வந்தார். முதல் நாள் திரையில் சவுண்ட் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி நின்றது. “பழைய கார்டு. புது சிஸ்டம் இத யாருன்னு கேக்குது” என்று சிரித்தார். அதை அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருள் அவரிடமிருந்த சிடி எதிலும் இல்லை. இரண்டாம் நாள் கேளம்பாக்கத்தில் ஒரு நண்பரிடமிருந்து ஒரு சிடி வாங்கிவந்தார். கேள்விக்குறி மறைந்தது. என் பதிவைத் திறந்தேன். பட்டை நகர்ந்தது, நொடிகள் ஓடின. நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடியில் நின்றது. சத்தம் மட்டும் இல்லை. நொடிகள் ஓடுகின்றன என்றால் ஓடுவதற்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் நீதிமன்றச் செய்தி முடித்து மதியம் வீட்டுக்கு வந்தபோது அண்ணனும் தங்கையும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மச்சான் கைகழுவிக்கொண்டு வந்து கார்டைக் கழற்றினார், முகர்ந்து பார்த்தார், பிளாஸ்திரி ஒட்டி எழுதினார்.

“எரிஞ்சி போச்சு மாப்ள.”

“உள்ள இருந்த குரலு?”

அவர் டம்ளரில் திருகுகளைத் துழாவினார். “அதுவும் இதோட போச்சு. வுடு.”

மறு வாரம் வேறு கார்டு போட்டார். திரையில் என் பதிவு இல்லை. கார்டோடு போனது கார்டோடு போனதுதான் என்று நம்பினேன். அன்று அவர் மைக்கை எடுக்கவில்லை, ஜங்ஷன் குரல் கொடுக்கவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

டேப் இல்லை என்று நான் சொன்னதும், வெளியிட வேண்டிய திருத்தத்தின் வாசகத்தை ஆசிரியர் போனில் சொன்னார். ‘அப்பகுதிப் பெண் ஒருவர் அளித்த தவறான தகவலின் அடிப்படையில்’ என்று தொடங்கும் நான்கு வரிகள். அதே கம்ப்யூட்டரில் நானே அடித்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே மீன் விற்றுக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

“பேப்பர்ல நான் பொய் சொன்னேன்னு போட்டுகீறியாமே நைனா. டீக்கடையில படிச்சி சிரிக்கிறானுங்க. நீயும் பக்கத்துலதான நின்னுகினு இருந்த?”

பேருந்து ஏறிவிட்டேன். பிறகு கடல் ஊருக்குள் வந்தது. குப்பத்தைச் சாலைக்கு மேற்கே மாற்றினார்கள். சுவர் நின்றது.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் ஓய்ந்தபோது கூடுவாஞ்சேரியில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். கடையை நடத்திய பெண் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தார். “சார், சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள ஒரு ஆடியோ கீது. பேரு மாத்தி உள்ள தள்ளி வச்சிருக்காங்க. வேணுமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டார். கடற்காற்றின் இரைச்சல் வந்தது. பிறகு ஆய்வாளரின் குரல். சவுண்ட் கார்டில் குரல் தங்குமா என்று அவரிடம் கேட்டேன். “ஸ்பீக்கர்ல தங்குமா சார்? அந்த மாதிரிதான்” என்றார். நான் கூடவே எடுத்துப்போயிருந்த அந்த ‘டெட்’ கார்டையும் பழைய பெட்டி எதிலோ செருகிச் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது.

நேராக மச்சானின் கடைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை.

“ஒன் பொண்டாட்டி அழுதா மாப்ள. நோட்டீஸு வந்த அன்னிக்கி ரெண்டு பேரு வூட்டாண்ட வந்து வண்டிய நிறுத்திகினு பார்த்துகினே இருந்தானுங்களாம். அந்தக் குரலு இல்லன்னா இவரு வூட்டோட கெடப்பாருன்னா. டிரைவர் ரெண்டாம் நாளே சரியாயிடுச்சு. மியூட்டுன்னு இருந்த ஒரு டிக்கு எடுத்தா சத்தம் வரும். நான் எடுக்கல.”

“அழிச்சிருக்கலாமே.”

“மனசு வரல” என்றார்.

வீட்டில் மனைவி மகனின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். ஊசியை நிறுத்தவில்லை. “ஆமா. நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன்.”

“என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டா நீங்க இன்னா சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல.”

இத்தனை ஆண்டுகளில் அவர்கள் இருவரும் எத்தனை பொங்கலுக்கு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறைகூட முகம் மாறியதாக நினைவில்லை. முகங்களைப் பார்த்து எழுதியே பிழைத்தவன் நான். பயத்தில் செய்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தபின் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

இரவல் வாங்கிய ஒரு லேப்டாப்பில் பதிவை ஏற்றிக்கொண்டு மேற்கே மாறிய குப்பத்துக்குப் போனேன். அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து நான்கு நிமிடமும் கேட்டார். ஆய்வாளர் பேசி முடித்ததும் கடைசியில் என் குரல் வந்தது. அதை நானே மறந்திருந்தேன். “கவலைப்படாதீங்கம்மா. பதிவாயிடுச்சு. இனிமே யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.”

அவர் நிமிர்ந்தார். “இத்தினி வருசமா இது எங்க இருந்திச்சு நைனா?”

“என் வூட்டுலதான்மா.”

என் முகத்தையே பார்த்தார். கடையில் நான் மச்சானைப் பார்த்த பார்வை அது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, திரும்பியும் வரவில்லை.

மச்சான் இப்போதும் வருகிறார். போன மாதம் என் மகனின் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று அடுத்த அறையில் உட்கார்ந்து ஏதோ செய்தார். கொஞ்ச நேரத்தில் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்ற குரல் கேட்டது, அதே குரல் இன்னொரு முறை திரும்பக் கேட்டது. மகன் சிரித்தான். நான் இழுப்பறையைத் திறந்து கார்டை எடுத்தேன். பிளாஸ்திரியின் ஒரு முனை தானாகவே பெயர்ந்திருந்தது. அதை விரலால் அழுத்தி மறுபடி ஒட்டினேன்.